பழைய காரில் புதுச் சத்தம், குறைந்த பிக்கப்: பார்ட் மாற்றும் முன்

பழைய காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் பானெட்டைத் திறந்து காதை நீட்டுவதுதான் பலரும் செய்வது. அதில் பெரும்பாலும் நேரம்தான் போகும். சத்தம் பாடித் தகடு வழியாக ஓடி வேறெங்கோ வெளிப்படும். முன் சக்கர பேரிங்கின் ஊளை பின் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்பது சாதாரணம். எனவே இடத்தைத் தேடும் முன், அது எதோடு கூடிக் குறைகிறது என்று பாருங்கள். இன்ஜின் சுற்றோடா (ஆர்பிஎம்), சக்கர வேகத்தோடா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அழுத்தத்தோடா, ஸ்டியரிங் திருப்புவதோடா, வண்டி சூடாவதோடா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தேடும் இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

“பிக்கப் இல்லை” என்ற புகாரும் அப்படித்தான். சுற்று ஏறுகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ். சுற்றே சோம்பலாக ஏறினால் இன்ஜினுக்குக் காற்றோ பெட்ரோலோ போதவில்லை, அல்லது ஏதாவது ஒரு பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. 3000 சுற்று வரை நன்றாக வந்து அதற்குமேல் செத்துப்போனால் பெட்ரோல் வரத்தையும் சைலன்சர் அடைப்பையும் சந்தேகிக்கலாம். மிதித்த முதல் நொடியில் மட்டும் தயங்கி, பிறகு சரியாக ஓடினால் காற்றுக் கசிவு, அழுக்கேறிய த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்), தேய்ந்த த்ராட்டில் சென்சார். இவற்றைப் பிரிக்காமல் பிளக், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் பழுது சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

எதையும் தொடும் முன் ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்த்துவிடுங்கள். ஆயில் குறைந்தாலே வால்வு லிஃப்டர்கள் டிக் டிக் என்று அடிக்கும். ஊற்றினால் சில நிமிடத்தில் அடங்கும். ஆயில் விளக்கு எரிந்து, கீழிருந்து கனமான தட்டலும் கேட்டால் சோதனை எதுவும் வேண்டாம். அங்கேயே இன்ஜினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பிரிப்பது

ஆளில்லாத நேரான சாலையில் சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்துக்குப் போங்கள். 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரை விட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவியை அணைக்கவே கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கின் உதவி விசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். இன்ஜின் சுற்று இறங்கிய பிறகும் சத்தம் அதே சுருதியில் தொடர்ந்தால் அது டயர், பேரிங், பிரேக், ஆக்சில் பக்கம். சுற்றோடு சேர்ந்து இறங்கினால் இன்ஜின், பெல்ட், எக்ஸாஸ்ட் பக்கம். நியூட்ரலில் மறைந்து, கியர் போட்டு மிதித்தால் மட்டும் திரும்பி வந்தால் சுமை ஏறும்போது கத்துகிற பாகம்: உள் சி.வி. ஜாயின்ட் (சக்கரத்தை ஓட்டும் ஆக்சிலின் மூட்டு), இன்ஜின் மவுன்ட், டிஃபரன்ஷியல், எக்ஸாஸ்ட் கசிவு.

அடுத்து வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே சுற்றுக்கு இன்ஜினை ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலும் சத்தம் வந்தால் சக்கரங்களை மறந்துவிடலாம். இந்த இரண்டு சோதனைக்கும் கருவியே தேவையில்லை. வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தாலும், “மூன்றாம் கியரில் 2500 சுற்றில் மிதித்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது” என்று சொல்பவருக்குக் கிடைக்கும் வேலையே வேறு.

சக்கரப் பக்கம்

பேரிங் தேய்ந்தால் ஊங்ங் என்று ஒரு ரீங்காரம். வேகத்தோடு ஏறும், கியர் மாற்றினாலும் மாறாது. பாதுகாப்பான இடத்தில் வண்டியை மெல்ல இடது வலது என்று வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்தான். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆனால் ஆட்டம் இல்லை என்பதற்காக பேரிங் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஊளையிடும் பல பேரிங்குகளில் ஆட்டம் துளியும் இருக்காது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை சுருள் ஸ்ப்ரிங்கின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கு வந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம்.

பேரிங்கை மாற்றியும் ஊளை நிற்கவில்லை என்றால் குற்றவாளி அநேகமாக டயர். ஷாக் அப்சார்பர் சோர்ந்த வண்டியில் டயர் மேடு பள்ளமாகத் தேயும். அந்தச் சத்தம் பேரிங் சத்தத்தை அப்படியே ஒத்திருக்கும். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவினால் ரம்பப் பல் மாதிரி தட்டுப்படும். சாலைப் பரப்பு மாறும்போது சத்தம் மாறினாலும், முன் பின் டயர்களை இடம் மாற்றியதும் சத்தம் இடம் மாறினாலும் டயர்தான்.

முழுவதும் ஸ்டியரிங்கை ஒடித்து மிதிக்கும்போது கட் கட் என்று சீராக அடித்தால் வெளி சி.வி. ஜாயின்ட். சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். ரப்பர் பூட் கிழிந்து சுற்றிலும் கிரீஸ் தெளித்திருக்கும். உள் ஜாயின்ட் கெட்டால் சத்தத்தைவிட அதிர்வுதான் அதிகம்: மிதிக்கும்போது வண்டி குறுக்கே ஆடும், காலை எடுத்தால் நிற்கும்.

இன்ஜின் பக்கம்

எளிதில் முடிகிற சத்தம் பெல்ட்டுடையது. குளிர்ந்த இன்ஜினை எடுக்கும்போது கீச்சிடும் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில், இன்ஜின் ஓடும்போது ஸ்ப்ரேயால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். கையும் துணியும் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது. சத்தம் உடனே அடங்கிச் சற்றுநேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, டென்ஷனரைப் பாருங்கள். பெல்ட் டிரெஸ்ஸிங் என்று விற்கும் திரவத்தை அடித்தால் சத்தம் நிற்கும், காரணம் நிற்காது.

கரகர என்று உருளும் சத்தம் ஆல்டர்னேட்டரா, வாட்டர் பம்ப்பா, ஏசி கம்ப்ரசரா என்று தெரியவில்லையா? இன்ஜினை அணைத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை மட்டும் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பெல்ட் ஓட்டும் பாகங்களில் ஒன்று. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் எது என்று தெரியும். டைமிங் பெல்ட் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிற இன்ஜின்களில் பம்ப் இந்தச் சோதனைக்குள் வராது. ஸ்டெதஸ்கோப் இல்லாதவர்கள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, முனையைப் பாகத்தின் மேல் ஊன்றிக் கேட்கலாம்.

தட்டல் சத்தங்களில்தான் பயமும் குழப்பமும் அதிகம். மேலிருந்து, இன்ஜின் சுற்றில் பாதி வேகத்தில் டிக் டிக் என்று வந்தால் வால்வுப் பகுதி. காம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. குளிரில் டொக் டொக் என்று அடித்து, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. பழைய இன்ஜினில் இதோடு நெடுநாள் ஓட்டலாம். சூடான பிறகு கூடுகிற, கீழிருந்து வரும் கனத்த தட்டல்தான் ஆபத்து: கனெக்டிங் ராட் பேரிங். ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் தட்டல் தணிகிறதோ அந்த ராட். அந்த இன்ஜினை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ராட் பிளாக்கை உடைத்து வெளியே வரலாம்.

இதற்கு நேர்மாறாக, கலவரப்படுத்தும் சலசலப்பு சில சமயம் எக்ஸாஸ்ட் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் அதிரும். ஒரு பெரிய ஹோஸ் கிளாம்ப் போதும்.

சத்தமும் சோர்வும் ஒன்றாக வரும்போது

பழைய வண்டியில் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால், இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று நினைத்துத் தேடுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசலில் தொடங்குவோம். குளிரில் எடுக்கும்போது பிச் பிச் என்று அடிக்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் குறையும். லிஃப்டர் சத்தமென்று இதைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால், ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் ஆக்சிஜன் கூடியதாகச் சொல்லும், கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். ஒரே விரிசல் சத்தம், புகை, மைலேஜ் குறைவு மூன்றையும் தரும்.

உஸ் என்று மெல்லிய சீறல், ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் சுற்று) ஏறி இறங்குவது, மிதித்தவுடன் ஒரு தயக்கம். இவை சேர்ந்து வந்தால் இன்டேக் பக்கம், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில், கசிவு. பத்து வருடம் கடந்த ரப்பர் குழாய்கள் வளைவுகளில் வெடிக்கும். பிசிவி குழாயின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு விடுவது) அடிப்பக்கமும் பிரேக் பூஸ்டர் குழாயும் முதலில் பார்க்க வேண்டியவை. சிலர் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் அதுவே நல்லது.

மிதிக்கும்போது, குறிப்பாக மேடேறும்போது, கிணிகிணி என்று உலோகச் சலசலப்பு வந்தால் சிலிண்டருக்குள் கலவை கட்டுக்கடங்காமல் வெடிக்கிறது. நாக் சென்சார் உள்ள வண்டியில் கம்ப்யூட்டர் உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளும்; சத்தம் குறையும், கூடவே இழுவையும் போகும். குறைந்த ஆக்டேன் பெட்ரோல், சிலிண்டரில் படிந்த கரி, அதிக இன்ஜின் சூடு, அடைத்துக்கொண்ட இஜிஆர் வழி (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மீண்டும் சிலிண்டருக்கு விடுவது), பெட்ரோல் போதாமல் மெலிந்த கலவை எல்லாமே காரணமாகலாம். ஒரு டேங்க் உயர் ஆக்டேன் போட்டால் சத்தம் போகிறது என்றாலும் அங்கே நிறுத்தாதீர்கள். கையேட்டில் சொன்ன ஆக்டேனில் முன்பு ஒழுங்காக ஓடிய வண்டி இப்போது ஏன் அதில் ஓடவில்லை என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

குளிரில் எடுத்தவுடன் சில நொடி கடகடவென்று சங்கிலிச் சத்தம் வந்து நின்றால் டைமிங் செயின் அல்லது அதன் டென்ஷனர். செயின் நீண்டால் காம் ஷாஃப்ட் டைமிங் பின்தங்கும்; தாழ்ந்த சுற்றில் வண்டி இழுக்காது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 போன்ற கோடு (பழுதுக் குறியீடு) வரும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்; செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும்.

எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் அடைப்பை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை மற்ற எல்லாவற்றோடும் குழப்பிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்தால் வண்டிக்கு அடியில் கலகல என்று உருளும். குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கல் உருள்வது கேட்கும். துண்டுகள் ஒரு கோணத்தில் வழியை மறிக்கும், வேறு கோணத்தில் விலகும். அதனால் பிக்கப் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. முழுதும் உருகி அடைத்துக்கொண்டால் வண்டி கிளம்பும்போது சுமாராகவும், வேகம் ஏற ஏற மூச்சுத் திணறியும் ஓடும்.

இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு வேக்யூம் கேஜ் மாட்டினால் இது பிடிபடும். கடல் மட்டத்தில் நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 அங்குலம் குறையும். 2500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். முள் அசையாமல் நின்றால் வழி திறந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனால் எக்ஸாஸ்டில் அடைப்பு. உறுதிப்படுத்த, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்தலாம். 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் சந்தேகமில்லை. ஆனால் கன்வர்ட்டர் தானாகக் கெடுவது அபூர்வம். மிஸ் அடிக்கும் (ஒரு சிலிண்டரில் கலவை எரியத் தவறும்) இன்ஜினிலிருந்து எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து தேன்கூட்டை உருக்கியிருக்கும், அல்லது இன்ஜின் ஆயில் குடித்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

இன்ஜினே குற்றமற்றதாக இருக்கிற வகையும் உண்டு: பிரேக் பிடித்தபடி ஓடுவது. சன்னமான உரசல் சத்தம், வண்டி ஒருபக்கம் இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி ஒருவழி வால்வுபோல் ஆகியிருக்கலாம். திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

சத்தமே இல்லாமல் சோர்ந்தால்

முதலில் கிளட்ச். நான்காம் கியரில் 40 கிலோமீட்டரில் ஓடும்போது முழுக்க மிதியுங்கள். சுற்று மட்டும் தாவி வேகம் தங்கிவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக்கில் கியர் ஆயில் கருத்துக் கருகிய வாசனை அடித்தால் அங்கே பாருங்கள்.

பிறகு ஸ்கேனர். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்தும் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி இணைப்பு கட்டாயம். அதில் கிடைக்கும் கோடு எந்தப் பார்ட்டை வாங்க வேண்டும் என்று சொல்லாது. பி0171 என்றால் கலவை மெலிந்திருக்கிறது, அவ்வளவே. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லவில்லை. கோடை அழிக்கும் முன் ஃபிரீஸ் ஃபிரேமை எழுதி வையுங்கள். கோடு விழுந்த நொடியில் சுற்று, சுமை, சூடு எவ்வளவு என்பது அதில் இருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அது பொதுவாக அழிந்துவிடும்.

ஃப்யூயல் டிரிம் எண்ணைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவிகிதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. ஷார்ட் டிரிம்மையும் லாங் டிரிம்மையும் கூட்டி 10 சதவிகிதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் +20 காட்டி 2500 சுற்றில் இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவு. சுற்று ஏறும்போது கசியும் காற்று மொத்தக் காற்றில் சிறு பங்காகிவிடுகிறது. ஐடிலில் சரியாக இருந்து சுமையில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்து அளக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க, முழுக்க மிதித்து ஓட்டி ஸ்கேனரில் கணக்கிடப்பட்ட லோடை (இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்ற சதவிகிதம்) பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் டர்போ இல்லாத நல்ல இன்ஜினில் அது 90 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். லோடு சரி, டிரிம் ஏற்றம் என்றால் பெட்ரோல் வரத்து. லோடும் குறைவு, டிரிம்மும் ஏற்றம் என்றால் அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயை மட்டும் அடித்துக் காயவிடுங்கள், கம்பியை விரலால் தொடக் கூடாது. லோடு குறைவு, டிரிம் இயல்பு என்றால் இன்ஜினின் சுவாசமே தடைபட்டிருக்கிறது: ஏர் ஃபில்டர், கன்வர்ட்டர், வால்வு டைமிங்.

பெட்ரோல் அழுத்தத்தை ஐடிலில் மட்டும் அளந்து திருப்தியடைபவர்கள் பலர். சாதாரண மேனிஃபோல்ட் இன்ஜெக்‌ஷனில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். வண்டிக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். சோர்ந்த பம்ப்பும் அடைத்த ஃபில்டரும் ஐடிலில் அந்த எண்ணைக் காட்டிவிடும், சுமையில்தான் சரியும். டேங்க் பக்கம் ஊளையும் கேட்டால் பம்ப்பின் வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்த பிறகே பம்ப்பை வாங்குங்கள். துருப்பிடித்த எர்த் இணைப்பு நல்ல பம்ப்பையும் சோர்வாகக் காட்டும்.

மிஸ் அடிப்பதும் சுமையில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூட பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் ஐடிலில் நன்றாக எரியும், மேட்டில் தவறும். பல வண்டிகளில் இடைவெளி 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள். பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில். மாறவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கன்வர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், காலை எடுங்கள்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் எண் பொய்யாகக் குறையும். எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம் முக்கியம். மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் மிதித்ததும் தயக்கம் வந்தால், இன்ஜினை அணைத்து ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டில் லிங்கை இழுத்தபடி உள்ளே பாருங்கள். பெட்ரோல் கோடுபோல் பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பிடித்தால் உறிஞ்சல் நிற்க வேண்டும்; காற்று வந்துகொண்டே இருந்தால் அந்த டயஃப்ரமும் கிழிந்தது. டைமிங் லைட்டில் சுற்று ஏறும்போது குறி முன்னே நகரவில்லை என்றால் உள்ளிருக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன.

டர்போ டீசலில் மிதித்தால் கரும்புகையும் புஸ் என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் டர்போவை விலை கேட்கும் முன் இன்டர்கூலர் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். வெடித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். புகையில்லாமல் சோர்ந்தால் டீசல் ஃபில்டரும் அதில் சேர்ந்த தண்ணீரும்.

வேலை முடிந்ததும், பழுது முதலில் தெரிந்த அதே வேகத்தில், அதே கியரில், அதே சூட்டில் ஓட்டிப் பாருங்கள். கோடு அழித்த வண்டியை இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு லாங் டிரிம் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். இன்னும் +12 காட்டுகிறது என்றால், சத்தம் நின்றிருந்தாலும், கசிவு எங்கோ மிச்சமிருக்கிறது.